கீழிருந்து ஏறிய துளி

மச்சாள்,

நேற்றுப் பல் வைத்தியரிடம் போயிருந்தேன். மொன்ட்ரியால் பார்க் எக்ஸ்டென்ஷனில், மெட்ரோவுக்குப் பக்கத்தில், படியேறிப் போகிற அந்தச் சின்ன இடம். கடைவாய்ப் பல்லுக்கு மூடி போட வேண்டுமென்று பழைய பல்லை அராவத் தொடங்கினார்கள். சத்தம் என்னை ஒன்றும் செய்யவில்லை. சூடேறிய உலோகமும் கராம்பெண்ணெயும் கலந்து ஒரு மணம் வந்ததே, அதுதான் என்னை அந்தக் கதிரையிலிருந்து தூக்கிக்கொண்டுபோய் எங்கள் வீட்டுக் குசினி மேசையில் இருத்திவிட்டது. வைத்தியப் பெண் கையை எடுத்துவிட்டு, நோகிறதா என்று பிரெஞ்சில் கேட்டார். வாய் நிறையப் பஞ்சு. இல்லையென்று தலையாட்டினேன். கண்ணிலிருந்து வடிந்துகொண்டிருந்ததைக் கண்டு அவர் நம்பவில்லை.

சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வரும்போது உம்முடைய சட்டையில் அந்த மணம் இருக்கும். லாசாலில் பல் செய்கிற ஒரு பட்டறையில் வேலை செய்தீர். யாரோ ஒருவருடைய வாய்க்குள் போகப்போகிற பல்லை, அந்த ஆளின் முகத்தைக் காணாமலே மெழுகிலும் பீங்கானிலும் வடித்துக் கொடுக்கிற வேலை. என் மனைவி வதனியின் தங்கச்சி என்ற அளவில்தான் உம்மை எனக்குத் தெரியும். வருவீர், அக்காவோடு கதைப்பீர், சாப்பிடுவீர், நான் பல்கனியில் சிகரெட்டோடு நின்றால் கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்துவீர். உமக்குப் புகை ஆகாது. அதை நீர் வாயால் சொன்னதில்லை, கதவுதான் சொல்லும்.

பிறகு எனக்குப் பாரிசவாதம் வந்தது. பேக்கரியிலிருந்து பாண் ஏற்றி நான் ஓட்டுகிற வானை ஒரு தெருமுனை டெப்பானர் கடைக்கு முன்னால் நிறுத்திவிட்டு, தட்டை இறக்கக் கை நீட்டினேன். கை வரவில்லை. பாண்கள் பனியில் உருண்டதும், கடைக்காரர் ஓடி வந்ததும் மட்டும் நினைவிருக்கிறது. ஆஸ்பத்திரியால் வீட்டுக்கு வந்தபோது கால் ஓரளவு திரும்பியிருந்தது. பேச்சும் திரும்பியது. வலது கை மட்டும் யாரோ என் தோளில் கொழுவிவிட்டுப் போன பாரம் போலத் தொங்கியது. இனி ஒரு சிகரெட்டும் கூடாது என்றார் டொக்டர். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். பதினேழு வயதிலிருந்து பிடித்தவன், தலையாட்டுவது எவ்வளவு சுலபம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உமக்கு நினைவிருக்கும். நீர் வந்திருந்தீர். வதனி மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். நான் பல்கனிக் கதவோரம் கதிரையில் இருந்து, ஒளித்து வைத்திருந்த ஒன்றைப் பற்றவைத்து, பழைய பழக்கத்தில் வலது கை விரல்களுக்கிடையில் செருகிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். எதைப் பற்றி யோசித்தேனோ தெரியாது. குசினியிலிருந்து நீர்தான் முதலில் எழும்பி வந்தீர். மீன் கருகுகிற மணமில்லை என்று உமக்கு விளங்கிவிட்டது. சிகரெட் அடி வரை எரிந்து, இரண்டு விரலும் வெந்துகொண்டிருந்தன. நான் அதைப் பார்த்தேன். யாருடையவோ கை எரிவதைப் பார்ப்பது போலப் பார்த்தேன்.

வதனி சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நீர் அழவில்லை. தண்ணீரில் கையைப் பிடித்து, துடைத்து, மருந்து போட்டு, துணி சுற்றி முடித்தீர். பிறகு கேட்டீர்.

"அத்தான், கொஞ்சமும் நோகேல்லையோ?"

"இல்லை."

"அப்ப இந்த வீட்டில நெருப்பு இருக்கக் கூடாது," என்றீர். அவ்வளவுதான்.

வதனி அடுத்த நாளே கடைக்குப் போய் ஒரு வேப், பற்றறியில் ஓடுகிற சிகரெட், வாங்கி வந்தாள். வாய்க்குள் வைத்து இழுக்கிற சின்னது. அது எனக்குப் போதவில்லை. வெறும் நீராவி போல இருந்தது. கடைக்காரர் வேறொன்றைக் காட்டியிருக்கிறார்: ஒரு பற்றறிப் பெட்டி, அதன் தலையில் திருகுகிற, பெருவிரல் அளவான ஒரு கிண்ணம். அதற்கு அட்டோமைசர் என்று பெயர். உள்ளே கம்பியைச் சுருளாகச் சுற்றி, நடுவில் பஞ்சை வைக்க வேண்டும். மூடியைக் கழற்றி, போத்தலிலிருந்து சில துளி திரவத்தைப் பஞ்சில் விட்டு, மூடியைப் போட்டு, கம்பி சூடேற இழுக்க வேண்டும். சில இழுவைக்குப் பிறகு பஞ்சு காயும். திரும்பவும் மூடி, போத்தல், துளி. புகை பிடிப்பது போலவே தொண்டையில் நின்றது. எனக்குப் பிடித்துவிட்டது.

ஆனால் அதைச் செய்தவர்கள் எல்லாருக்கும் இரண்டு கை. ஒரு கை பெட்டியைப் பிடிக்கும், மறு கை துளி விடும். நான் பெட்டியைத் தொடைகளுக்கு நடுவில் நிறுத்தி, மூடியைப் பல்லால் கழற்றி, இடது கையால் போத்தலைக் கவிழ்த்தேன். திரவம் முழுக்கக் காற்சட்டையில். அதுவும் நிக்கொட்டின், தோலில் படக்கூடாத சாமான். ஒரு சனிக்கிழமை, நீர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அதைச் சுவரில் எறிந்தேன்.

நீர் எழும்பிப் போய் எடுத்தீர். உடைந்ததா என்று பார்க்கவில்லை. தலையைக் கழற்றி, கவிழ்த்து, அதன் அடியைப் பார்த்தீர். கனநேரம் பார்த்தீர். பிறகு, "அக்கா, இதை நான் கொண்டு போறன்," என்றீர்.

"குப்பையில போடு," என்றாள் வதனி. "ஒரு நஞ்சைப் பறிச்சுப்போட்டு இன்னொரு நஞ்சைக் குடுக்கிறம்."

"ஓம் அக்கா, நஞ்சுதான். ஆனா இதில நெருப்பில்லை. முதல்ல நெருப்பை எடுப்பம். பேந்து நஞ்சைப் பாப்பம்."

நான் ஏதோ முணுமுணுத்தேன், என்னால் முடியாது, இந்தக் கையோடு ஒன்றும் முடியாது என்று. நீர் என் பக்கம் திரும்பினீர். "பிழை உங்கட கையில இல்லை அத்தான். இந்தச் சாமானில."

பாரிசவாதம் வந்த நாளிலிருந்து டொக்டர்கள், தாதிமார், சொந்தக்காரர் என்று எத்தனை பேர் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். எல்லாரும் என் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்கள். நீர் ஒருவர்தான் சாமானைப் பார்த்துச் சொன்னீர்.

அடுத்த சனி, விஷயத்தோடு வந்தீர். சிலர் பெட்டிக்குள்ளேயே மெத்தென்ற ஒரு சின்னப் போத்தலை வைக்கிறார்களாம். பெட்டியின் பக்கத்தில் ஒரு ஓட்டை. அதற்குள்ளால் பெருவிரலால் போத்தலை அமத்தினால், திரவம் குழாய் வழியே ஏறி, அட்டோமைசரின் அடியிலிருந்து பஞ்சுக்கு வரும். மேலே துளி விடத் தேவையில்லை. மூடி கழற்றத் தேவையில்லை. பிடித்திருக்கிற அந்த ஒரு கையே போதும். பெட்டியை இணையத்தில் எடுத்துவிட்டீர். அதற்குப் பொருந்தும் தலைதான் அந்த நாட்களில் கனடாவுக்கு வரவில்லை. எங்களிடம் இருந்த மலிவுத் தலையின் அடியில் ஒரு பித்தளைத் திருகாணி. மின்சாரம் அதனூடாகத்தான் சுருளுக்குப் போகும். திரவம் ஏறுவதற்கு வேறு வழி இல்லை. அந்தத் திருகாணியின் நடுவால், அடியிலிருந்து நுனி வரைக்கும், ஒரு துளை போக வேண்டும்.

திருகாணி ஒரு நெல்மணியை விடக் கொஞ்சம் தடிப்பு. "இதுக்குள்ளாலயோ?" என்று கேட்டேன்.

"பல்லு வேரை விட இது பெருசு," என்றீர்.

மலிவுத் தலைகள் ஒரு பை நிறைய வந்தன. பட்டறையில் கேட்டு, சின்ன மோட்டாரையும் மயிர் போன்ற துளையூசிகளையும் கைப்பையில் சுற்றிக்கொண்டு பஸ்ஸும் மெட்ரோவும் மாறி வந்தீர். வதனி மேசையில் பழைய பத்திரிகை விரித்தாள், முகத்தை மட்டும் திருப்பி வைத்துக்கொண்டு. உம்முடைய நெற்றியில் பூதக்கண்ணாடி, வாயில் ஒரு கராம்பு. முதலாவதில் ஊசி சறுக்கிப் பக்கத்தால் வெளியே வந்தது. அடுத்ததில் துளை சரியாகத்தான் போனது, ஆனால் சுவர் மெலிந்துபோய், கம்பியை இறுக்கும்போது திருகாணியின் நுனி முறிந்து கையோடு வந்தது. இன்னொன்றில், அவசரப்பட்டுக் கழற்றாமலே துளைத்ததில், திருகாணியைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் வளையம் உருகிவிட்டது. நீர் ஒன்றுக்கும் அலுத்துக்கொள்ளவில்லை. கெட்டதை வீசாமல் வரிசையாக வைத்து, ஏன் கெட்டது என்று ஒவ்வொன்றையும் திரும்பப் பார்த்தீர்.

நான் எதிரே இருந்து பார்த்தேன். வேறு வேலையும் இல்லை எனக்கு. ஆனால் வேலையில்லாதவன் பார்க்கிற பார்வை அல்ல அது. நீர் மூச்சைப் பிடிக்கிறீர், ஊசி இறங்குகிறது, மஞ்சள்தூள் போலப் பித்தளை வழிகிறது, ஊசியை எடுத்து ஒரு துளி எண்ணெய் விடுகிறீர், திரும்ப இறக்குகிறீர். அந்த இரண்டு கைகளும் ஒன்றோடொன்று கதைத்துக்கொள்வது போல இருந்தது. கோயில் மூலஸ்தானத்தைக்கூட நான் அப்படிக் கண்வெட்டாமல் பார்த்தவனில்லை. என் வாழ்நாள் முழுக்க எனக்கும் இரண்டு கை இருந்தன, மச்சாள். கை என்றால் என்ன என்று அந்த மேசையில்தான் கண்டேன்.

ஒன்று சரியாக வந்தது. நீர் உடனே தரவில்லை. மின்சாரம் அளக்கிற மீற்றர் வைத்துப் பார்த்தீர். "பற்றறியோட விளையாடக் கூடாது." பிறகு போத்தலில் வெறும் தண்ணீர் விட்டு அமத்தினீர். குபுக்கென்று காற்றுத் துவாரத்தால் பாய்ந்து என் மடியில் கொட்டியது. வதனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வீட்டில் அவள் சிரித்து எத்தனை காலம். நீர் மட்டும் சிரிக்காமல் துளையையே பார்த்தீர்.

"ஏறுறதுக்கு வழி விட்டிட்டன். இறங்க வழி விடேல்லை."

துளையைக் கொஞ்சம் அகட்டினீர். கையை எடுத்தால், மிஞ்சின தண்ணீர் தானாகப் போத்தலுக்குத் திரும்ப வேண்டும். அகட்டியது கூடினால் முறியும், குறைந்தால் வழியும். எவ்வளவு என்று உமக்கு எப்படித் தெரிந்ததோ. மூடியைப் போடாமலே பெட்டியை என் இடது கையில் வைத்தீர்.

"அமத்துங்கோ அத்தான். மெல்ல."

பெருவிரலால் அமத்தினேன். சுருளுக்கடியில், துளையின் வாயில், ஒரு துளி முட்டியது. பளபளத்து நின்றது. பஞ்சு அதைக் குடித்தது. விரலை எடுத்தேன். மிச்சம் வந்த வழியே இறங்கிப் போய்விட்டது. திரும்ப அமத்தினேன். திரும்பவும் வந்தது. மூன்று பேரும் அந்தக் கிண்ணத்துக்குள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். பாரிசவாதம் வந்த பிறகு யாருடைய உதவியும் இல்லாமல், தொடக்கம் முதல் முடிவு வரை, நானே செய்த முதல் காரியம் அது. வெளியே சின்னப் பிள்ளைகள் பிரெஞ்சில் கத்திக்கொண்டு பனியில் ஓடினார்கள். உள்ளே நீர் ஊசிகளைத் துடைத்து அடுக்கத் தொடங்கினீர்.

அன்றோடு வீட்டில் நெருப்பு நின்றது. நஞ்சையும் நீர் சொன்னபடி பேந்து பார்த்தீர். ஒவ்வொரு போத்தல் முடியும்போதும் நிக்கொட்டின் கொஞ்சம் குறைந்ததாக எடுத்து வந்தீர். நிறுத்தச் சொல்லி ஒரு நாளும் சொல்லவில்லை. ஒரு கோடையில், விட்ட திரவம் குறையாமல் அப்படியே இருப்பதைக் கண்டு, உமக்கு ரெலிபோன் எடுத்தேன். "அப்ப கழட்டிக் கழுவி வையுங்கோ," என்றீர்.

உமக்கு வருத்தம் வந்தது அதற்குப் பிறகு. வயிற்றில் புற்றுநோயாகத் தொடங்கி, எங்களிடம் சொல்லும்போது மற்ற இடங்களுக்கும் போயிருந்தது. ஆஸ்பத்திரியில், கடைசிக் கிழமைகளில், உம்முடைய தலையைத் தலையணையிலிருந்து தூக்க முடியவில்லை. வாய் காய்ந்துகொண்டே இருக்கும். தாதி வந்து பஞ்சுக் குச்சியால் உதட்டை நனைப்பார், போவார். அடுத்த முறை அவர் வரும் வரை நீர் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பீர். எவரையும் கூப்பிட மாட்டீர். உம்மைத் தெரியாதா எனக்கு.

வீட்டுக்கு வந்து ஒரு மெல்லிய பிளாஸ்டிக் போத்தலின் மூடியை முழங்கால்களுக்கு நடுவில் இறுக்கி, இடது கையால் துளைத்தேன். பல மூடிகள் போயின. கடைசியில் ஒன்றுக்குள் மெல்லிய குழாயைச் செருகி, போத்தலின் அடி வரை இறக்கி, மறுமுனை உம்முடைய வாய்க்கு எட்டும்படி விட்டேன். தாதியிடம் காட்டினேன். கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம் என்றார். போத்தலை உம்முடைய கைக்குள் வைத்தேன். விரல்களில் பலம் ஏறக்குறைய இல்லை. ஆனால் இலேசாக அமத்தினாலே போதும் என்று அளவு பார்த்திருந்தேன்.

தண்ணீர் ஏறி வந்தது. நீர் கண்ணை மூடி விழுங்கினீர். பிறகு திரும்பவும், நீரே. அதற்குப் பிறகு போத்தலை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்து மூடியைப் பார்த்தீர்.

"ஆர் துளைச்சது?"

"நான்தான்."

"ஒரு கையாலயோ?"

"ஓம்."

கனநேரம் பார்த்தீர். "நேரா இருக்கு," என்றீர்.

அந்த அறையில் வதனியும் இருந்தாள். அவள் அழுதாள். நான் அழவில்லை. வெளியே நடைபாதைக்குப் போய்ச் சுவரோடு சாய்ந்து நின்றேன். சாகப்போகிற ஒரு ஆள் தன் தாகத்தை விட்டுவிட்டு ஒரு துளையின் நேர்மையைப் பார்க்கிறாரே என்ற வியப்பு. அது இன்னும் எனக்குள் அடங்கவில்லை.

புதன்கிழமைகளில் நான் கை கால் பயிற்சி நிலையத்துக்குப் போகிறேன், மச்சாள். போன மாதம் அங்கே ஒரு புது ஆள் வந்தார், மொன்ட்ரியால்-நோரிலிருந்து, ஹெயிட்டிக்காரர். எனக்கு வந்த அதே வருத்தம். சட்டைப் பொத்தானைப் போட முடியாமல், எல்லாருக்கும் முன்னால் சட்டையைத் திறந்தபடி இருந்தார். ஒருவர் தோளில் தட்டினார். இன்னொருவர் தைரியம் சொன்னார். நான் கிட்டப் போய் இருந்து, எனக்குத் தெரிந்த பிரெஞ்சில், காட்டுங்கோ என்றேன். கையை நீட்டினார். இல்லை, கையை இல்லை, சட்டையை என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுச் சட்டையின் ஓரத்தைப் பிடித்துக் காட்டினார். இரண்டு பேரும் அந்தப் பொத்தானையும் அதன் ஓட்டையையும் பார்த்துக்கொண்டிருந்தோம். வழி இன்னும் பிடிபடவில்லை. நாளை புதன். வதனியிடம் ஊசியும் ரப்பர் போல இழுபடுகிற கொஞ்சம் நூலும் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.