பங்காரம்மா மறித்த போர் வண்டி

பலமநேர்,
ஏப்ரல் 2003

அன்புள்ள தேவசேனாவுக்கு,

நான் சுகம். உன் இருமல் விட்டதா? நைனா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

நேற்று ஒரு சின்னக் கலாட்டா, பயப்படாதே. ஒருவருடைய மாந்தோப்பில் எங்கள் போர் வண்டியால் மூன்றாவது ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருந்தோம். ஆயிரம் அடியிலும் புழுதிதான் பறந்தது. பக்கத்துக் கழனிக்காரி பங்காரம்மா ஓடிவந்து, சுற்றுகிற குழாயை ஒட்டி நின்றுகொண்டாள்.

"நீங்க தோண்டத் தோண்ட எங்க போரு வத்திக்கினே போவுது. மாட்டுக்குக்கூட தண்ணி இல்ல. என்ன கொன்னுட்டு தோண்டு!"

"ஓட்டுடா!" என்று தோப்புக்காரர் கத்தினார்.

வண்டியின் லிவர் என் கையில்தான் இருந்தது. இன்ஜினை அணைத்துவிட்டேன். அவர் பிடித்துத் தள்ளியதில் தோளில் கொஞ்சம் வீக்கம், அவ்வளவுதான். வண்டி முதலாளி என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். திருப்பதியில் வேறு வேலை தேடப் போகிறேன்.

நம் போரை இன்னும் ஆழமாக்க வேண்டுமென்று நைனா கேட்டாரே, வேண்டாம் என்று சொல். அடியில் இருப்பது ஊருக்கே ஒரே தண்ணீர். நாம் எட்டி எடுத்தால் அடுத்தவர் கழனி காயும். இந்த வருஷம் கரும்பை விட்டுவிட்டுக் கேழ்வரகு விதையுங்கள்.

அங்கே பக்கத்தில் திருச்சானூர் மாமா வீட்டில்தான் தங்குவேன்; அந்த முகவரிக்கு உன் பழைய சேலை ஒன்றை அனுப்பு, போர்த்திக்கொள்ள. துவைக்க வேண்டாம். பஸ் வந்துவிட்டது.

உன்
குணசீலன்