குழந்தைக்கு ஏது எச்சில்?

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். நானும் வயிற்றிலிருக்கும் பிள்ளையும் சுகம். உன் முழங்கால் வலி எப்படி?

நேற்று, நான் குடியிருக்கும் வலியசாலை வீட்டுக்கார விஜயம் மாமியின் சின்னப் பேத்தி, தான் கடித்த நேந்திரங்காய் வறுவலை என் வாயில் திணிக்க வந்தாள். விலகினேன்.

"குழந்தைக்கு ஏதுடி எச்சில்? வாங்கிக்கோயேன்!" என்று மாமி சிரித்தார்.

சின்னப் பிள்ளைகளின் எச்சிலில் இருக்கக்கூடிய ஒரு வைரஸ், வயிற்றுப் பிள்ளையின் காதைப் பாதிக்கலாம் என்று டாக்டர் எச்சரித்திருக்கிறார். பயப்படாதே, எனக்கு ஒன்றுமில்லை.

உன்னிடம் விட்டு வந்த என் மகிழன் முறுக்கைப் பாதி கடித்து என் வாயில் வைப்பானே. ஈரமாக, நமுத்துப் போயிருக்கும். அந்த ருசி வேறு எதிலும் இல்லை. ஓணம் லீவுக்கு நான் அங்கே வரும்போதும் நீட்டுவான். வாங்காவிட்டால், அம்மாவுக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று நினைப்பான்.

எனக்குத் தனித் தம்ளர், ஸ்பூன் எடுத்து வை. வேலைக்குப் போகும் பஸ்ஸுக்கு நேரமாகிறது.

நெற்றியில் முத்தமிடலாமாம். எனக்காக இப்போதே அவனுக்கு ஒன்று கொடு.

உன் அருள்மணி