இரண்டு மீனுக்கு மூன்று ஷிப்ட்

ஓசூர்
24-4-2008, வியாழன்

அன்புக் கண்ணு சத்யப்ரியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் முப்பத்தேழு டிகிரியிலும், உன் கடல் மீன்கள் இரண்டும் இருபத்தேழு டிகிரியிலும் சுகம். அந்தப் பின்லாந்தில் நீ எத்தனை டிகிரியில் இருக்கிறாய், காதை மூடிக்கொண்டுதான் வெளியே போகிறாயா என்று எழுது. போனில் பேசாமல் இதென்ன கடிதம் என்று நினைப்பாய். போன் இருப்பது ஹாலில், மீன் தொட்டி இருப்பதும் ஹாலில், அப்பா இருப்பது தொட்டிக்கு முன்னால், அதனால்தான் அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உனக்கு மீன் விற்ற பெங்களூர் கடைக்காரர் மோகன்குமார் வருகிற ஞாயிற்றுக்கிழமை வேன் கொண்டுவந்து தொட்டியையும் மீன்களையும் எடுத்துப் போகப்போகிறார். அப்பாதான் வரச் சொல்லியிருக்கிறார். ஞாயிறு காலையில் போனில் உன்னிடம் சம்மதம் கேட்பார், நீ சரியென்று சொல்லிவிடாதே. அம்மாவுக்கு என்ன வந்தது, மீனைக் கண்டாலே மூக்கைப் பொத்துகிறவள் ஆயிற்றே என்று நினைக்காமல் முழுவதும் படி.

ஜனவரியில் கம்பெனியை மூடி மிஷின்களை லாரியில் ஏற்றி வடக்கே அனுப்பிவிட்டார்கள் என்பது உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு அப்பா எப்படி இருந்தார் என்பது தெரியாது. ரெஸ்ட் எடுக்கிறேன் என்று உன்னிடம் சொல்வார், நீயும் நல்லதுப்பா என்பாய். என்ன ரெஸ்ட்? காலை ஆறேகாலுக்கு நீலச் சட்டை போட்டு ஷூ மாட்டிக்கொண்டு கம்பெனி பஸ் நிற்கிற இடத்தில் போய் நிற்பார். மற்ற கம்பெனி பஸ்கள் ஒவ்வொன்றாக வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும். கடைசி பஸ்ஸும் போனபின் வீட்டுக்கு வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். எதைச் சமைத்துப் போட்டாலும் ஒரு குறை சொல்வதில்லை. வேண்டுமென்றே ஒருநாள் உப்பே போடாமல் குழம்பு வைத்துப் பார்த்தேன், பேசாமல் சாப்பிட்டு எழுந்து போனார். எனக்கு அன்றைக்குத்தான் உண்மையாகவே பயம் வந்தது.

மார்ச் கடைசியில் வெயில் ஏறியது. ஓசூர் குளுகுளு ஊர் என்று சொல்கிறவர்களையெல்லாம் கூட்டிவந்து நம் மொட்டைமாடியில் ஒரு மணி நேரம் நிற்கவைக்க வேண்டும். தொட்டித் தண்ணீர் முப்பது டிகிரியைத் தொட்டது, மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. நீ அனுப்பிய மெயிலைப் பக்கத்து வீட்டு சாந்தம்மாவின் மகள் வினோதா நெட் சென்டரில் அச்செடுத்து வந்து கொடுத்தாள். முதல் வரியிலேயே தண்ணீரைக் குளிர்விக்கிற மிஷின் வாங்கச் சொல்லியிருந்தாய். விலை விசாரித்தோம், அந்த விலைக்கு இரண்டு கறவை மாடு வாங்கலாம், மாடாவது பால் கொடுக்கும். அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டு மிச்சத்தைப் படித்தார் அப்பா. படிக்கப் படிக்க அவர் முதுகு நிமிர்ந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். மறுநாள் காலை ஆறேகாலுக்கு நீலச் சட்டையும் ஷூவும் போட்டார், ஆனால் பஸ் நிற்கிற இடத்துக்குப் போகவில்லை, நேராக ஹாலுக்கு டூட்டிக்கு வந்துவிட்டார்.

அதிலிருந்து நம் வீடு வீடாக இல்லை. தொட்டியின் கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு, மீன் துள்ளி வெளியே விழாமலிருக்கக் கொசுவலைத் துணி கட்டினார். டேபிள் ஃபேனைத் தண்ணீரின் மேல் காற்றுப் படும்படி சாய்த்து வைத்தார், அதிலேயே இரண்டு டிகிரி இறங்கிவிட்டது. ஜன்னலில் ஈரச்சாக்கு. தொட்டி விளக்கு சாயந்திரம் ஏழு மணிக்கு மேல்தான். மத்தியானம் கரண்ட் போனதும் உறைய வைத்த தண்ணீர் பாட்டில் ஒன்றை மிதக்கவிட வேண்டும், ஒரு நேரத்தில் ஒன்றுதான், சட்டென்று குளிர்ந்தால் மீனுக்கு ஆகாதாம். இதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. சுவரில் கட்டம் போட்ட தாள் ஒட்டி, மணிக்கு ஒரு புள்ளி வைத்து, இருபத்தெட்டில் ஒரு சிவப்புக் கோடு கிழித்தார். ஏ ஷிப்ட் அவர், பி ஷிப்ட் நான், சி ஷிப்ட் மறுபடியும் அவர். ஷிப்ட் மாறும்போது ஹாலில் எதிரெதிரே நின்று, டெம்பரேச்சர் சொல்லி, ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு ஒப்படைக்க வேண்டும். அடுப்பில் குழம்பை இறக்கிவிட்டு வர ஐந்து நிமிஷம் பிந்தினால் எனக்கு லேட் மார்க். நம் ஃப்ரீசரில் நாலு பாட்டில்தான் கொள்ளும், அடுத்த நாலு கீழ்த்தட்டில் வரிசையில் காத்திருக்கும். அதற்கு இடம் வேண்டும் என்று என் மாவுப் பாத்திரத்தை வெளியே வைத்துவிட்டார், அது புளித்துப் பொங்கி அடுப்புமேடையெல்லாம் வழிந்தது. அப்படியும் போதவில்லை என்று சாந்தம்மாவின் ஃப்ரீசரில் நாலு, கெலவரப்பள்ளி அணை மீன் விற்கிறாரே எல்லப்பன், அவருடைய ஐஸ் பெட்டியில் ஆறு. செத்த மீனுக்கு ஐஸ் வைத்திருக்கிறவரிடம் போய் உயிர் மீனுக்குப் பங்கு கேட்ட ஆள் இந்த ஜில்லாவிலேயே உங்கப்பா ஒருவர்தான். எல்லப்பன் ஒருநாள் ஆசையாகப் பார்க்க வந்தார். கட்டைவிரல் அளவு இருக்கிற அந்த இரண்டையும் குனிந்து பார்த்துவிட்டு, "என்னா சார், இதுக்கா இம்மாம் ஐசு? ரெண்டும் சேர்ந்தா நூறு கிராம் தேறாதே" என்று நிஜமாகவே வருத்தப்பட்டுவிட்டுப் போனார்.

இந்த மாத ஆரம்பத்தில் கல்யாணப் பத்திரிகை வைக்க முசிறியிலிருந்து என் அண்ணன், உன் மாரிசாமி மாமா வந்தார். வியர்த்து விறுவிறுத்து வந்தவர் ஃபேனைத் தன் பக்கம் திருப்பப் போனார், அப்பா பாய்ந்து கையைப் பிடித்துவிட்டார், அது புரொடக்‌ஷன் ஃபேனாம், விசிட்டருக்குத் திருப்பக்கூடாதாம். "ஏன் மாப்ள, மீனுக்குக் காத்து, மச்சானுக்குப் பத்திரிகைக் கவரா?" என்று கேட்டுக்கொண்டே அவர் கல்யாணப் பத்திரிகையாலேயே விசிறிக்கொண்டார். போகும்போது விசிட்டர் ரிஜிஸ்டரில் வேறு கையெழுத்து வாங்கினார் அப்பா. கரண்ட் இல்லாத நேரத்தில் நானும் அப்பாவும் ஆளுக்குக் கால் மணி நேரம் பனைவிசிறியால் தொட்டிக்கு வீசுவோம். அதைப் பார்த்த சாந்தம்மா தன் கன்னடத் தமிழில், "யாக்கே நாகம்மா, சாமிக்குக்கூட இவ்ளோ சேவை செய்யலையே நீ" என்று சிரித்தாள். சிரித்தவளே பிறகு விசிறியை வாங்கி வீச ஆரம்பித்தாள், கதை பேசிக்கொண்டே வீசினால் கை வலிப்பது தெரிவதில்லை. பெரிய மீன் பெண், சின்னது ஆண் என்று நீ எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து சின்னதுக்குத் தீனி போடும்போது மட்டும் அப்பா தனியாக இரண்டு வார்த்தை பேசுகிறார்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். போன வாரம் கம்பெனிப் பேப்பர்கள் விஷயமாக அப்பா நாலு நாள் கிருஷ்ணகிரிக்கு அலைந்தார், ஏ ஷிப்டும் என் தலையில் விழுந்தது. ஃபேன் காற்றில் தொட்டித் தண்ணீர் தினமும் இரண்டு மூன்று லிட்டர் ஆவியாகிக் குறையும், குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்று என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு மனசு கேட்கவில்லை. கடல் தண்ணீர் போன இடத்தில் வெறும் தண்ணீர் ஊற்றினால் கடல் சப்பென்று ஆகிவிடாதா? அதனால் நல்ல எண்ணத்தில் தினமும் இரண்டு கைப்பிடி கல் உப்பும் கரைத்து ஊற்றினேன். நாலு நாளும் ஊற்றினேன். குழம்பு சுண்டினால் தண்ணீர் மட்டும்தான் போகும், உப்பு அதிலேயே நின்று கரிக்கும் என்று இத்தனை வருஷம் சமைத்தவளுக்குத் தெரியாதா? கடலும் அப்படித்தான் சுண்டும் என்று இந்த மண்டையில் ஏறவில்லை.

ஐந்தாம் நாள் மீன்கள் இரண்டும் கல்லுக்குப் பின்னால் ஒருக்களித்துக் கிடந்து மூச்சு வாங்கின. உப்பு அளக்கிற கண்ணாடிக் குழலை விட்டுப் பார்த்த அப்பாவின் முகம் செத்துப்போயிற்று. குவளை குவளையாக உப்புத் தண்ணீரை எடுத்து, குவளை குவளையாக நல்ல தண்ணீர் விட்டு, இரண்டு நாளில் அதுகளை நிமிர்த்திவிட்டார். இப்போது இரண்டும் தீனி தின்கின்றன, அதைப் பற்றிக் கவலைப்படாதே. அந்த நேரத்திலேயே நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும், வாய் வரவில்லை. செவ்வாய்க்கிழமை அப்பா மீட்டிங் போட்டார். கம்பெனியில் ஏதாவது கெட்டுப்போனால் ஏன் ஏன் என்று ஐந்து தடவை கேட்டு மூல காரணத்தைப் பிடிப்பார்களாம், அந்த மீட்டிங். நான், சாந்தம்மா, எல்லப்பன் மூன்று பேரும் பாயில் உட்கார்ந்தோம், மற்ற இருவரும் ஐஸ் சப்ளையர்கள் என்ற முறையில். மீன் ஏன் சாய்ந்தது? உப்புக் கூடியதால். உப்பு ஏன் கூடியது? எல்லோரும் எல்லப்பனைப் பார்த்தோம். "உப்பு சமாச்சாரம் எனக்குத் தெரியாது சார், நான் கருவாடு விக்கிறவன் இல்ல" என்று எழுந்து நின்றுவிட்டார். சப்ளையர் பாட்டில் கசிந்திருக்குமோ என்று அப்பா கேட்டதுதான் தாமதம், "என் வீட்டுத் தண்ணியில உப்பா? உங்க வாயில போடுங்க உப்பு" என்று சாந்தம்மா எழுந்து போய், நம் நாலு பாட்டிலையும் வாசற்படியில் வைத்துவிட்டாள். மூன்றாவது ஏனுக்கு என் முறை வந்தது. நான் ரசத்துக்குத் தாளிக்க வேண்டும் என்று அடுப்படிக்கு வந்துவிட்டேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அன்று சாயந்திரம் அப்பா ரிஜிஸ்டரில் மூல காரணத்தை எழுதினார். தண்ணீர் மாற்றும்போது உப்பைத் தவறாகக் கலந்தது சூப்பர்வைசர் நல்லுசாமி. தனக்குத் தானே ஒரு மெமோ எழுதி, தானே வாங்கி, தானே கையெழுத்துப் போட்டார். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு பார்த்தால், மெமோவுக்கு விளக்கம் என்ற இடத்தில், இருபத்தாறு வருஷம் மெயின்டெனன்ஸ் பார்த்தவனால் இரண்டு மீனை ஓட்ட முடியவில்லை, இனி எதற்கும் லாயக்கில்லை என்று எழுதியிருந்தார். அதற்கப்புறம்தான் மோகன்குமாருக்குப் போன் போட்டார். நேற்றுக் காலை மறுபடி பஸ் நிற்கிற இடத்துக்குப் போய் நின்றார், இன்றைக்கும் போனார். அதனால்தான் சொல்கிறேன் கண்ணு, மீனைக் கொடுக்க ஒத்துக்கொள்ளாதே.

26-4-2008, சனி

இதுவரைக்கும் எழுதி ஒட்டி, தபாலாபீசில் சேர்க்கச் சொல்லி வினோதாவிடம் கொடுத்தேன். பின்லாந்து போய்ச் சேரப் பத்துப் பன்னிரண்டு நாளாகும் ஆன்ட்டி, ஞாயிற்றுக்கிழமைக்குள் எப்படிப் போகும் என்று அப்படியே திருப்பிக் கொண்டுவந்துவிட்டாள். அவ்வளவு எழுதியும் இந்த யோசனை எனக்கு வரவில்லை பார். சரி, பூத்திலிருந்து உனக்குப் பேசலாம் என்று போனேன். ரிசீவரைக் கையில் எடுத்தபிறகு வெட்கமாகிவிட்டது. தப்புச் செய்தவள் இங்கே இருக்கிறேன், தண்டனை அனுபவிக்கிற மனுஷன் அதே வீட்டில் இருக்கிறார், கடல் தாண்டி இருக்கிற பிள்ளையை எதற்குத் தூது விட வேண்டும்? ரிசீவரை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து, தொட்டி முன்னால் நின்று, உப்புப் போட்டது நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

அப்பா தொட்டிப் பக்கமிருந்து என் பக்கம் திரும்பினார். எவ்வளவு என்றார். தினம் இரண்டு கைப்பிடி என்றேன். என்ன உப்பு என்றார். கல் உப்பு என்றேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார். "உனக்குச் சொன்னது என்ன, நீ செஞ்சது என்ன? தண்ணி ஊத்துன்னா தண்ணி மட்டும் ஊத்தத் தெரியாதா? ரிஜிஸ்டர்ல ஏன் எழுதல? மீட்டிங்ல எங்க போச்சு வாய்?" என்று தெருவே கேட்கக் கத்தினார். சாந்தம்மா என்னவோ ஏதோ என்று ஓடிவந்துவிட்டாள். ஜனவரிக்குப் பிறகு அவர் என்னைத் திட்டியதே இல்லை கண்ணு. திட்டத் திட்ட எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. இன்னும் இரண்டு திட்டு விழட்டும் என்று, சாந்தம்மாவின் ஃப்ரீசரும் என்னால்தான் போயிற்று என்று நானே எடுத்துக் கொடுத்தேன்.

கத்தி முடித்து, ரிஜிஸ்டரை எடுத்துத் தன் மெமோவைக் குறுக்கே அடித்துவிட்டு என் பேருக்கு மெமோ எழுத உட்கார்ந்தார். பாதியில் பேனாவை வைத்துவிட்டார். வேலைக்கே எடுக்காத ஆளுக்கு மெமோ கொடுத்தால் செல்லாதாம், சட்டப்படி நிற்காதாம். கொஞ்சம் யோசித்துவிட்டு, வேறு ஒரு வெள்ளைத் தாளில் முதலில் எனக்கு அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் எழுதினார். திருமதி நாகம்மாள் என்று ஆரம்பித்து, வேலையில் சேர்ந்த தேதி என்ற இடத்தில் 9-9-1979 என்று எங்கள் கல்யாணத் தேதியைப் போட்டார். வேலையின் தன்மை நிரந்தரம். எந்தக் காரணத்தைக் கொண்டும் இந்த யூனிட் மூடப்படாது, வேறு ஊருக்கு மாற்றப்படாது என்று கடைசியில் ஒரு வரி. அதை வாய்விட்டுப் படித்துக் காட்டினார், அந்த வரிக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் கையெழுத்துப் போட்டேன். போட்டு அரை நிமிஷம்கூட ஆகவில்லை, மெமோவைக் கையில் கொடுத்துவிட்டார். மூன்று நாளுக்குள் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும். பிறகு மோகன்குமாருக்குப் போன் செய்து, வேன் வேண்டாம், இங்கே ஆள் பற்றாக்குறை தீர்ந்துவிட்டது என்றார். அப்படியே சாந்தம்மா வீட்டு வாசலில் போய் நின்று மன்னிப்புக் கேட்டுவிட்டு, நாலு பாட்டிலையும் உள்ளே வைத்துவிட்டு வந்தார்.

அதனால் ஞாயிற்றுக்கிழமைப் பயம் தீர்ந்தது, கடிதத்தைத் திருத்தாமல் அப்படியே அனுப்புகிறேன், ஒரு விஷயத்துக்காக. இது கைக்கு வந்தபின் நீ போன் பண்ணும்போது, நல்லா இருக்கியாப்பா, ரெஸ்ட் எடுப்பா என்று சொல்லி வைத்துவிடாதே. வாராவாரம் டெம்பரேச்சர் கேள். புதன்கிழமை மூன்று மணிக்கு ஏன் இருபத்தெட்டு ஆனது என்று கேள். சரியாகச் சொன்னாலும் விடாதே, இன்னொரு ஏன் கேள், கொஞ்சம் அதட்டியே கேள், அப்பாவாயிற்றே என்று பார்க்காதே. நீ ஏன் என்று கேட்டால் அவர் வாரம் முழுவதும் பதில் தயார் பண்ணுவார். மீன் போனால் பெங்களூரில் வேறு மீன் கிடைக்கும். ஷூவோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாரே, அந்த மனுஷனை மாற்றித்தர எந்தக் கடையும் இல்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வை, ஈரத் தலையோடு அந்தக் குளிரில் வெளியே போகாதே. நீ எடுத்த காரியமெல்லாம் நல்லபடியாக முடிந்து, நோய்நொடியில்லாமல் நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும் என்று அப்பாவும் நானும் மனசார ஆசீர்வதிக்கிறோம். மணி இரண்டாகப் போகிறது, ஷிப்டுக்கு நேரமாயிற்று, லேட் மார்க் விழுவதற்குள் முடிக்கிறேன்.

உன் அம்மா,
நாகம்மாள்
பி ஷிப்ட், நிரந்தரம்