முள் இல்லாத பஞ்சர்

ஏழாம் நிலையப் பதிவேடு
எழுதுவது: ம. ஜெபக்கனி, தாவர ஆய்வாளர்

3 மே 2071, காலை 06:30

வெப்பம் 31 பாகை. காற்று தென்மேற்கிலிருந்து. குடிநீர்த் தொட்டியில் 410 லிட்டர். நிலையத்தில் நான் ஒருத்தி மட்டும். இன்று பதினேழாவது நாள்.

செம்மணல் தேரியில் நட்ட வேர்க்கொடி அறுநூறு ஏக்கரிலும் பச்சையாக நிற்கிறது. மணலை நகரவிடாமல் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் எங்கிருந்தாலும் தானே தேடிப் போய்க் குடிக்கும். அப்படி அதை உருவாக்க எனக்கு ஒன்பது ஆண்டுகள் ஆயின.

டிராக்டர்: இடது பின்சக்கரத்தில் காற்றழுத்தம் 9. இருக்க வேண்டியது 12. பம்ப் வைத்து ஏற்றினேன். மற்றவை சரி.

4 மே, காலை 06:40

மறுபடி 8. சோப்புத் தண்ணீர் தடவிச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன். குமிழி இல்லை. ஆணி இல்லை. சக்கரத்தின் அடியில் மட்டும் மணல் கொஞ்சம் ஈரம்.

கரை முகாமில் டிராக்டர்களைப் பார்த்துக்கொள்பவர் சுடலைக்கண்ணு அண்ணாச்சி. இங்கிருந்து 62 கிலோமீட்டர். வயர்லெஸ்ஸில் கேட்டேன்.

"வால்வு வாயில எச்சி தொட்டு வச்சுப் பாருங்க டாக்டரம்மா. குமிழி வரலன்னா உடமுள்ளு ஏறி உள்ளயே ஒடிஞ்சி கெடக்குன்னு அர்த்தம். அது டப்புன்னு எறக்காது. தெனமும் கொஞ்சங் கொஞ்சமா எறக்கி ஆளச் சாவடிக்கும்."

வால்வில் குமிழி வரவில்லை.

5 மே, மாலை 16:10

அச்சுக்கு ஜாக்கி கொடுத்துச் சக்கரத்தைத் தூக்கினேன். மணலில் வழுக்காமல் இருக்க இந்தப் பின்சக்கர டியூப்கள் முக்கால் பங்கு தண்ணீரால் நிரப்பப்பட்டவை, கனம்தான் பிடிமானம். வால்வு வழியாகத் தண்ணீரை டிரம்மில் இறக்கினேன். 210 லிட்டர் இருந்திருக்க வேண்டும். 160தான் வந்தது.

கடப்பாரையால் டயரின் விளிம்பை நெம்பி டியூபை உருவ மூன்று மணி நேரம் ஆயிற்று. தரையில் பட்டிருந்த பக்கத்தில் நான்கு ஓட்டைகள். முடி அளவு. அண்ணாச்சி சொன்னபடி டயரின் உட்புறம் முழுக்கக் கையால் துழாவினேன். முள் இல்லை. பழுப்பு நிறத்தில் நூல் ஒன்று இருந்தது. இரண்டு சென்டிமீட்டர்.

நான்கு ஓட்டைக்கும் பேட்ச் ஒட்டினேன். தண்ணீர் ஊற்றவில்லை. காற்று மட்டும்.

6 மே, காலை 09:00

நூலை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். வேர்நுனி. என்னுடைய கொடி.

அதன் நுனியில் ஓர் அமிலம் சுரக்கும். மணலுக்கு அடியில் இருக்கும் சுண்ணாம்புப் பாறையைத் துளைத்து நீரைத் தொடுவதற்காக நான் சேர்த்த குணம் அது. ரப்பரையும் கரைக்குமா என்று சோதிக்கவில்லை. அனுமதிப் படிவத்தில் 'பிற பொருள்கள் மீதான விளைவு' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் 'பொருந்தாது' என்று எழுதியது நான்தான்.

பத்து மணிக்கு அண்ணாச்சி கூப்பிட்டார். "முள்ளு கெடச்சுதா டாக்டரம்மா?"

கிடைத்தது என்றேன்.

உண்மையைச் சொன்னால் நாளையே அறுநூறு ஏக்கரையும் கொளுத்தச் சொல்வார்கள். முதலில் முழுதாகத் தெரிந்துகொள்கிறேன்.

7 மே, பகல் 12:20

வலது பின்சக்கரம் இன்று காலை தட்டையாகக் கிடந்தது. ஓட்டைகளை எண்ணத் தொடங்கி நாற்பதோடு விட்டுவிட்டேன். முன்சக்கரங்கள் இரண்டிலும் ஒரு கீறல்கூட இல்லை. அவற்றில் காற்று மட்டும்தான்.

ஆக, அது ரப்பரைத் தேடி வரவில்லை.

கடைசிப் பாத்தியிலிருந்து நிலையம் 600 மீட்டர். வாசலில் ஒரு முழம் தோண்டினேன். மண்வெட்டி பாயில் குத்தியதுபோல் நின்றது. கீழே மணலே தெரியவில்லை, எல்லாம் வேர்.

மூன்று ஆண்டாக மழை இல்லை. நிலத்தடி நீரையெல்லாம் குடித்து முடித்துவிட்டது போலிருக்கிறது.

8 மே, காலை 06:05

குடிநீர்த் தொட்டி காலி. சிமெண்டுத் தளத்தை மூன்று இடத்தில் பிளந்து மேலே வந்திருக்கிறது. டிரம்மும் அப்படியே. சமையலறைக் குடத்தில் 11 லிட்டர் மிச்சம்.

வலது டியூபுக்குப் பதிலாக இருந்த ஒரே மாற்று டியூபைப் போட்டுவிட்டேன். கிளம்புகிறேன்.

8 மே, பிற்பகல் 14:30

14 கிலோமீட்டர் வந்தேன். தண்ணீர்க் கனம் இல்லாததால் ஏற்றத்தில் சக்கரம் சும்மா சுற்றுகிறது. சுற்றிய சூட்டில் இடது டியூபின் பேட்ச்கள் கழன்று காற்று முழுக்க இறங்கிவிட்டது. நான்கையும் திரும்ப ஒட்டினேன். ஐம்பது நிமிடம்.

பம்பை எடுக்கத் திரும்பியபோது மணலில் வைத்திருந்த தண்ணீர்ப் புட்டியைத் தூக்க முடியவில்லை. அடியில் தைத்ததுபோல் பிடித்திருந்தது. இழுத்ததும் புட்டி கிழிந்தது.

இங்கே நாங்கள் ஒரு செடிகூட நடவில்லை.

8 மே, மாலை 17:45

ஒட்டியது நிற்கவில்லை. பேட்ச் ஒட்டும் சொல்யூஷன் தீர்ந்துவிட்டது. கரை முகாமைக் கூப்பிட்டேன். பஞ்சர், நடுவழி, தண்ணீர் நான்கு லிட்டர் என்று மட்டும் சொன்னேன்.

"நான் இருக்கேன்லா, எதுக்கு வெசனப்படுதிய? விடியக் கெளம்புதேன். பெரிய டிராக்டரக் கொண்டாரேன்."

பின்சக்கரத் தண்ணீரை இறக்கிவிட்டு வாருங்கள், வழியில் எங்கும் நிற்காதீர்கள் என்றேன்.

"தண்ணி இல்லாம இந்த மணல்ல எப்படி ஏறும்? நீங்க கம்முனு இருங்க."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

9 மே, காலை 10:15

எஞ்சின் மூடியின் மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். கீழே இறங்குவதில்லை.

அண்ணாச்சி 31 கிலோமீட்டர் வந்துவிட்டார். இப்போது வந்த அழைப்பு:

"எடது சக்கரம் லேசா அமுங்கிருக்கு டாக்டரம்மா. இங்கதான் டீ குடிக்க அரமணி நேரம் நிறுத்துனேன். முள்ளாத்தான் இருக்கும். ஒரு பேட்ச் போட்டுட்டு வந்துருதேன்."

ஒட்டி முடிக்க ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் மற்ற சக்கரமும் போய்விடும். இதற்கு மேல் வந்தால் அவரும் என்னைப்போலத்தான். இப்போதே திரும்பினால், நிறுத்தாமல் ஓட்டினால், காற்றை ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்துவிடலாம்.

உண்மையைச் சொன்னால் அவர் திரும்ப மாட்டார். என்னை விட்டுவிட்டுப் போகிற ஆள் இல்லை. அவருடைய மகளுக்கு அடுத்த மாதம் பிரசவம்.

ஹெலிகாப்டர் வந்துவிட்டது, ஏறிவிட்டேன், நீங்கள் திரும்பிப் போங்கள் என்றேன்.

"சத்தமே கேக்கலயே?"

காற்று எதிர்த்திசையில் அடிக்கிறது அண்ணாச்சி.

"நல்லாருப்பிய. ஊருக்கு வந்ததும் வீட்டுக்கு வாங்க, மீன் கொழம்பு வைக்கச் சொல்லுதேன்."

அவர் முகாம் சேர்ந்ததும் எங்கள் ஆய்வுத் திட்டத்தின் இயக்குநரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். மாலை ஆறு மணிக்கு.

9 மே, மாலை 17:50

டிராக்டரின் பேட்டரி செத்துவிட்டது, அதில் ஓடிய வயர்லெஸ்ஸும். அடிப்பக்கம் முழுக்க வேர். பேட்டரிக்குள்ளும் தண்ணீர்தானே. நான் அதை யோசிக்கவில்லை.

கையடக்க ரேடியோவில் கேட்க முடிகிறது. பேசும் பொத்தானை அழுத்தினால் விளக்கு அணைந்துவிடுகிறது.

10 மே, காலை 07:10

அண்ணாச்சி பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டார். முகாமிலிருந்து வயர்லெஸ்ஸில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தது அப்படியே கேட்டது.

"முள்ளே இல்லலே. டியூபு பூரா நூலு நூலா ஏதோ ஒட்டிக் கெடக்கு. ஊர்க்கெணத்துத் தொட்டில அமுக்கிக் குமிழி பாத்தேன், சல்லடையா இருக்கு. அந்த நூலையெல்லாம் நல்லா அலசி விட்டுட்டேன்."

அது மறுபடி முளைக்க நகக்கண் அளவு வேர் போதும். தொட்டியின் வடிகால் கிணற்றுக்கே திரும்புகிறது. முகாமை ஒட்டிய அந்த ஊரில் எண்ணூறு வீடுகள்.

அரை மணி நேரம் பொத்தானை அழுத்திக்கொண்டே கத்தினேன்.

10 மே, காலை 08:00

நடக்கப் போகிறேன். 48 கிலோமீட்டர். தண்ணீர் இரண்டு லிட்டர். நிற்காமல் போனால் நாளைப் பகலில் சேரலாம். அவரிடம் நேரில் சொல்ல வேண்டும். நான்கு நாள் முன்பே சொல்லியிருக்க வேண்டியது.

10 மே, மாலை 16:40

19 கிலோமீட்டர். நின்றுகொண்டு எழுதுகிறேன், காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு. தண்ணீர் முடிந்தது. இந்த மணலில் இப்போது கொடியைத் தவிர ஈரமாக இருப்பது நான் ஒருத்திதான்.

11 மே, நேரம் தெரியவில்லை. வெயில் ஏறிவிட்டது

உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரம்தான், ஒரு பத்து நிமிடம் இருக்கும். கண் அசந்திருக்க வேண்டும்.

பூட்ஸ் தரையை விட்டு வரவில்லை. கயிற்றை அவிழ்த்தேன். காலும் வரவில்லை. வலி இல்லை. வலி இல்லாதபடிதான் செய்யும்போல. இடது பாதம் இறங்கிக்கொண்டே

இதை எடுப்பவருக்கு. இதை நின்று படிக்காதீர்கள், நடந்துகொண்டே படியுங்கள். என்னைத் தூக்க முயல வேண்டாம். சுடலைக்கண்ணு அண்ணாச்சி மேல் தவறு இல்லை, அவரிடம் முள் என்று சொன்னது நான். முதலில் ஊருக்குப் போங்கள். ஆட்களை வெளியேற்றுங்கள். தொட்டியைக் கொளுத்துங்கள், பிறகு கிணற்றை மூ