தாயும் சம்மதித்தால்தான்

இஞ்சாருங்கோ,

முப்பத்தைந்து வருடம் உங்களை அப்படித்தான் கூப்பிட்டேன். கடிதத்திலும் வேறு பெயர் வரவில்லை. வருகிற ஞாயிறோடு நீங்கள் கண்ணை மூடி ஒரு வருடம். எங்கள் சுவிஸ் ஊரில், லா ஷோ-து-ஃபோனில், இந்த முறை பனி முந்திவிட்டது. நீங்கள் கைக்கடிகாரக் கூடுகளை மினுக்கிய தொழிற்சாலையிலிருந்து இரண்டு பேர் வந்து வாசல் பனியை வாரித் தந்தார்கள்.

அன்று சபை மண்டபத்தில் நடக்கும் நினைவுக் கூட்டத்துக்கு உங்கள் தம்பி செல்வம் நினைவு மலர் அச்சடிக்கிறார். அதில் ஒரு பக்கம் எனக்கு. "அண்ணி, நீங்கள் டீச்சர்தானே. பிள்ளையளின்ர கொப்பியில 'மிக நன்று' எண்டு போடுற மாதிரி அண்ணைக்கும் போட்டுவிடுங்கோ. பாசமுள்ள தகப்பன் எண்டது மட்டும் விடுபடக் கூடாது" என்றார்.

அதே நாள் எங்கள் மகன் அருள் சூரிச்சிலிருந்து கதைத்தான். "பாசமுள்ள தகப்பன் எண்டு எழுதினா நான் அங்க வரமாட்டன் அம்மா. லியாவைப் பாக்கவும் நீங்கள் பிறகு கேக்கக் கூடாது." லியா அவனுடைய மகள். மூன்று வயது. நீங்கள் அவளை இரண்டு தரம்தான் தூக்கினீர்கள். அவன் ஏன் அதற்கு மேல் தரவில்லை என்று ஒரு நாளாவது யோசித்தீர்களா?

நான் இன்னும் சபை மண்டபத்தில் ஞாயிறு வகுப்பு எடுக்கிறேன். போன மாதம் வேதாகமத்தில் வரும் பழைய எபிரேயர்கள் பிள்ளைகளை எப்படி வளர்த்தார்கள் என்ற பாடம். நீங்கள் வாழ்ந்த காலத்திலும் வருடம் தவறாமல் எடுத்த பாடம்தான். பிள்ளை கடவுள் தந்த சொத்து. பால் மறக்கும்வரை ஒரு குழந்தை உயிரோடு இருப்பதே அந்த நாளில் பெரிய காரியம். அதனால் பால் மறக்கடித்த அன்று ஊருக்கே விருந்து வைப்பார்கள். பண்டிகைப் பந்தியில் பிள்ளை கேள்வி கேட்கும். பதில் சொல்வது தகப்பனின் கடமை.

அக்கம்பக்கத்துச் சனங்கள் பெற்ற பிள்ளையையே தெய்வத்துக்கென்று நெருப்பில் போட்டார்கள். எபிரேயர்களிலும் சிலர் போட்டார்கள். அலறல் தாயின் காதில் விழாதபடி மேளம் அடித்தார்கள் என்று ஒரு கதை உண்டு.

பிறகு அந்தக் கடுமையான சட்டத்துக்கு வந்தேன். அடங்காத மகனைக் கல்லெறிந்து கொல்லலாம் என்ற சட்டம். நீங்கள் அடிக்கடி எனக்கு நினைவூட்டியது. ஆனால் தகப்பன் தன் வீட்டுக்குள் வைத்துக் கொல்ல முடியாது. தகப்பனும் தாயும் சேர்ந்து மகனைப் பிடித்து, ஊர் வாசலில் இருக்கும் பெரியவர்களிடம் கொண்டுபோய், இருவரும் முறையிட வேண்டும்.

முன்வரிசையில் இருந்த பத்து வயதுக்காரி கையை உயர்த்தினாள். "டீச்சர், அம்மா மாட்டன் எண்டு சொன்னா?"

"அப்ப ஒண்டும் செய்யேலாது. பெடியனை உயிரோட விட வேண்டியதுதான்."

"ஒரு சொல்லுத்தானே! அதைச் சொல்லாம ஒரு அம்மா ஏன் சும்மா நிக்க வேணும்? லூசோ?"

பிள்ளைகள் எல்லோரும் சிரித்தார்கள். நான் பாடத்தை அதோடு முடித்து அவர்களை வீட்டுக்கு அனுப்பினேன்.

அந்தத் தை மாதம் உங்களுக்கு நினைவிருக்கிறதா? அருளுக்குப் பதினொரு வயது. புள்ளி குறைந்த கணக்குப் பரீட்சைத் தாளைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்துவைத்தான். நீங்கள் வேலையால் வந்து, சப்பாத்தையும் கழற்றாமல், இடுப்புப் பட்டியை உருவினீர்கள். முதலில் தோல் பக்கம். பிறகு இரும்புக் கொக்கிப் பக்கம். முதுகில் தோல் பிய்ந்து பெனியனோடு ஒட்டியது. காதோரம் வெடித்து இரத்தம் சுவரில் தெறித்தது. முகத்தை மறைக்கக் கையை உயர்த்தினான். அந்தக் கையைத்தான் பிடித்து முறுக்கினீர்கள். உறைந்த பனியின் மேல் காலை வைத்தால் மேற்படை உடையுமே, அந்த மாதிரி ஒரு சத்தம்.

நான் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டு நின்றேன். கீழ்வீட்டுக்குக் கேட்கக் கூடாதென்று தண்ணீர்க் குழாயை முழுக்கத் திறந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். உங்களுக்கு பிரெஞ்சு வராது. நான்தான் சொன்னேன், படியில் விழுந்தான் என்று. ஒரு பிழையும் விடாமல் சொன்னேன். நல்ல பிரெஞ்சு என்று அவர் பாராட்டினார். அருள் உங்களைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தான்.

அடித்த பிறகு அழுவீர்கள். எண்ணெய் பூசிவிடுவீர்கள். அவன் காய்ச்சலில் கிடந்த நாட்களில் அவனுடைய கட்டிலடியில் படுத்திருந்ததும் நீங்கள்தான். அதையும் மறைக்கமாட்டேன். "அந்தக் காலத்தில பிரம்பாலதானே வளத்தவங்கள், நீயே படிப்பிக்கிறாய்" என்பீர்கள். ஓம், நான்தான் படிப்பித்தேன். பிரம்பைச் சொல்லிக் கொடுத்தேன். விருந்தையும் தகப்பன் பதில் சொல்வதையும் கதையாகச் சொல்லிவிட்டுப் போனேன். தாயின் கையில் இருந்த அந்த ஒரு சொல் என் கண்ணில் படவேயில்லை. அந்தச் சட்டப்படி ஒரு பிள்ளையைக் கொன்றதாக நான் எங்கேயும் வாசித்ததில்லை. எந்தத் தாயும் சம்மதித்திருக்கமாட்டாள் என்று இப்போது நினைக்கிறேன். நான் சம்மதித்தேன். ஊர் வாசல்வரை போகவும் தேவைப்படவில்லை.

இவ்வளவையும் மலரில் என் பக்கத்துக்கென்று எழுதி நேற்று அருளுக்குத் தொலைபேசியில் வாசித்தேன். முடிந்ததும் அவன் கேட்டான்.

"தண்ணியை நீங்கள் வேணுமெண்டோ திறந்தனீங்கள்?"

"ஓம் அப்பன்."

"நான் இவ்வளவு காலமும் நினைச்சனான், தண்ணிச் சத்தத்தில உங்களுக்குக் கேக்கேல்லையெண்டு."

வைத்துவிட்டான். அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

செல்வத்துக்கும் அனுப்பினேன். "அண்ணி, உங்களுக்கு விசரோ? சனம் காறித் துப்பும். அண்ணையைப் பற்றி எழுதினது போகட்டும், அந்தக் குழாய்க் கதையையாவது வெட்டுங்கோ. அது உங்களுக்குத்தான் கூடாது" என்றார். அவர் சொல்வது சரி. அந்த ஒரு வரி இல்லாவிட்டால் என் மகன் ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வந்திருப்பான்.

வெட்டமாட்டேன். உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். ஞாயிறு மண்டபத்தில் இந்தப் பக்கத்தை நானே எழுந்து நின்று வாசிப்பேன். பட்டியையும் வாசிப்பேன், குழாயையும் வாசிப்பேன். யாராவது மறிக்க வந்தால் அன்றைக்குக் குசினியில் சொல்லாத சொல்லை அங்கே சொல்வேன்: மாட்டேன். அருள் வந்தாலும் வாசிப்பேன். கதவையே பார்த்துக்கொண்டு நின்று, அவன் வராமல் போனாலும் வாசிப்பேன்.

இப்படிக்கு,
அருளின் அம்மா,
உங்கள் மனைவி