பிள்ளைகள் பந்திக்கு வந்த அரசாங்கம்

ஹார்லன் பெண்ட், மிசிசிப்பி
ஞாயிறு, சர்ச்சுக்குப் போய் வந்த பிறகு

அன்புள்ள லூசியஸுக்கு,

நமக்கு அனுமதி கிடைத்துவிட்டது! இதை முதலில் சொல்லிவிட்டேன், இனி நிதானமாக நலம் விசாரிக்கிறேன். படகில் குளிர் எப்படி? முதுகு வலி குறைந்ததா? அந்தக் கேப்டன் இன்னும் விடிவதற்குள் கத்துகிறாரா? ஃபோனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் ஏதாவது ஓர் ஆற்று வளைவில் உன் ஃபோன் செத்துப்போகும், நான் பாதி வெற்றியோடு இங்கே நிற்பேன். இது முழுதாகச் சொல்ல வேண்டிய சங்கதி. உட்கார்ந்து படி.

நம் பகல் காப்பகத்துப் பிள்ளைகளின் காலைச் சாப்பாடு, மதியச் சாப்பாடு, மாலைத் தீனி மூன்றுக்கும் இனி அரசாங்கம் பணம் தரும். நாம் சமைத்துப் போட்டு, சாப்பிட்ட பிள்ளைகளை அங்கேயே எண்ணிக் குறித்து, மாதக் கடைசியில் கணக்கு அனுப்ப வேண்டும். அவ்வளவுதான். இத்தனை காலம் அந்த அடுப்பு எதில் எரிந்தது என்று ஊருக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். இருபத்தெட்டு நாள் ஆற்றில், பதினாலு நாள் வீட்டில் என்பதுதான் உன் வேலை. அந்தப் பதினாலு நாளையும் கோடையிலிருந்து கம்பெனிக்கே கொடுத்துக்கொண்டிருக்கிறாய். பிள்ளைகள் குடித்த பாலெல்லாம் அதில் வந்ததுதான். இந்த நவம்பர் நன்றித் திருநாளுக்குள் அனுமதி வராவிட்டால் சமையலறையை மூடிவிடுகிறேன் என்று சொன்னேனே, வாய் சொன்னதே தவிர மனசு ஒத்துக்கொள்ளவில்லை. சாப்பாடு இல்லையென்றால் பிள்ளைகள் வரமாட்டார்கள். பிள்ளைகளை விட இடமில்லாமல் தாய்மார்கள் மீன் ஆலைக்குப் போகமாட்டார்கள்.

திட்டத்தில் சேர்வது நான் பயந்த அளவுக்குக் கஷ்டமில்லை. உரிமம் இருக்கிறதா, சுகாதாரச் சான்று இருக்கிறதா என்று கேட்டார்கள். இருந்தது. ஒரு நாள் பயிற்சிக்கு வரச் சொன்னார்கள். போனேன். லாபத்துக்கு நடத்தும் காப்பகமென்றால் நாலில் ஒரு பிள்ளையாவது வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளையாக இருக்க வேண்டுமாம். திட்ட அலுவலகத்துப் பெண் ஃபோனில் "லாபம்" என்று சொன்னதும் எனக்கு வந்த சிரிப்பில் மிஸ் ஓஸெல்லா சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்துவிட்டார்.

நாலில் ஒன்று என்ன, நம் ஊரில் நாலுக்கு நாலும் கிடைக்கும். ஆனால் படிவத்தில் யார் தன் சம்பளத்தை எழுதிக் கொடுப்பார்கள்? நம் ஜனங்களின் ரோஷம் உனக்குத் தெரியாததா? லட்ரீஸ்தான் முதலில் முறைத்துக்கொண்டாள். "என் மகனுக்குச் சோறு போட எனக்குத் தெரியும். என் சம்பளத்தை எதுக்குக் கவர்மெண்ட்கிட்ட ஒப்பிக்கணும்?" என்றாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் பேனாவைத் தொடவில்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு நாள் மாலை, பிள்ளைகளைக் கூட்டிப்போக எல்லோரும் வாசலில் நிற்கும்போது சத்தமாகவே கேட்டேன். "ஏண்டி லட்ரீஸ், நீ வேலை செய்யற ஆலையிலதான் பாதி ஊரும் வேலை செய்யுது. உன் சம்பளம் என்னன்னு நம்ம பாஸ்டர் வீட்டு நாய்க்குக்கூடத் தெரியும். அதை எழுதறதுல உனக்கு என்ன வெட்கம்?" வாசலே சிரித்தது. அவளும் சிரித்துவிட்டு, "உன் வாய்க்குப் பயந்தே எழுதறேன்" என்று பேனாவைப் பிடுங்கினாள். அவளுக்குப் பின்னால் எல்லோரும் எழுதினார்கள்.

அதற்குப் பிறகுதான் பெரிய சண்டை. பிள்ளைகளுக்கான சாப்பாட்டை எண்ணெயில் மூழ்க வைத்துப் பொரிக்கக் கூடாதாம். இனிப்புத் தேநீரும் கூடாது, பால்தான். வெள்ளிக்கிழமையும் அதுவுமாகப் பொரித்த கெளுத்தி இல்லாத பந்தியை மிஸ் ஓஸெல்லாவிடம் எப்படிச் சொல்வது? பயந்துகொண்டே சொன்னேன். "ஓவன்ல வாட்டின மீனா? அது ஆஸ்பத்திரிச் சாப்பாடு வெர்னீடா! எண்ணெயைப் பாக்காத மீனை இந்தக் கையால நான் யாருக்கும் போட்டதில்ல" என்று ஏப்ரனைக் கழற்றி என் மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். இரண்டு நாள் கழித்துத் தானே வந்தார். வீட்டில் டி.வி. பார்த்துப் பார்த்துத் தலைவலி வந்துவிட்டதாம். இரும்புத் தட்டை ஓவனில் காய வைத்து, சோளமாவில் புரட்டிய மீனை அதில் அடுக்கி, முறைத்துக்கொண்டே சமைத்தார்.

அனுமதி தருவதற்கு முன் சோதித்துப் பார்க்க வந்தது மிஸ் ப்ரூவிட் என்ற பெண், தலைநகர் ஜாக்சனிலிருந்து. வருவதாகச் சொல்லியிருந்தது ஒரு வெள்ளிக்கிழமை. அவளை வரவேற்றுக் கூடத்துக்குக் கூட்டி வருகிறேன், சமையலறையிலிருந்து பொரிக்கிற வாசம்! ஓடிப்போய்ப் பார்த்தால், எண்ணெய்ச் சட்டியில் மீன் குதிக்கிறது, பக்கத்தில் ஒரு குடுவை நிறைய இனிப்புத் தேநீர். மிஸ் ஓஸெல்லா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பிள்ளைங்களுக்குத்தானே கூடாதுன்னே? அவங்க மீன் ஓவன்ல இருக்கு. நம்ம இடம் தேடி ஒரு பொண்ணு அவ்வளவு தூரத்திலேர்ந்து வர்றா. அவளுக்கு வாட்டின மீனைப் போட்டு அனுப்பினா நம்மளைப் பத்தி என்ன நினைப்பா?"

அந்தப் பெண் என் முதுகுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாள். "இந்த மீன் யாருக்கு?" என்று கேட்டாள். "உனக்குத்தாம்மா. கை கழுவிட்டு உக்காரு" என்றார் மிஸ் ஓஸெல்லா. நான் கண்ணை மூடிக்கொண்டேன், லூசியஸ். உன் மொத்தக் கோடைக்காலமும் அந்தச் சட்டியில் கருகுவது போல இருந்தது.

மிஸ் ப்ரூவிட் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "வேலை நேரத்துல ஒரு வாய் சாப்பிட்டாலும் எனக்குப் பிரச்சினைம்மா. பிள்ளைங்க தட்டைக் காட்டுங்க" என்றாள். பந்தி ஆரம்பமானது. பிள்ளைகள் தாங்களே பரிமாறிக்கொண்டார்கள்: வாட்டிய மீன், கீரை, சோள ரொட்டி, பீச் துண்டுகள், பால். அவள் ஒவ்வொரு தட்டாகக் குனிந்து பார்த்தாள். பொரித்த வாசம் கூடமெல்லாம் நிறைந்திருக்கிறது, எந்தப் பிள்ளை அதைக் கேட்டுவிடுமோ என்று எனக்கு உயிரே இல்லை. லட்ரீஸின் மகன் டேமியன் தன் காலித் தட்டைக் காட்டிக்கொண்டு எழுந்து நின்றான். "மிஸ் ஓஸெல்லா, இந்த மீன் இன்னொன்னு வேணும்! ஓரம் மொறுமொறுன்னு இருக்கறது!" என்றான். உடனே மேஜை முழுக்க, "எனக்கும், எனக்கும்!" மிஸ் ஓஸெல்லா ஏப்ரனில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வெங்காயம் நறுக்கினேன்" என்றார். அன்றைக்குச் சமையலில் வெங்காயமே இல்லை.

போகும்போது மிஸ் ப்ரூவிட், "அந்த எண்ணெய்ச் சட்டியை இங்கேர்ந்து எடுத்துடுங்க. அடுத்து வர்றவங்களுக்கு அது யாருக்குன்னு புரியாது" என்று மட்டும் சொன்னாள். சட்டி இப்போது சர்ச்சில் இருக்கிறது. புதன்கிழமை அனுமதி வந்தது. நேற்று சர்ச்சு மீன் விற்பனையில் வரிசையில் யார் நின்றார்கள் என்று நினைக்கிறாய்? மிஸ் ப்ரூவிட்தான், கையில் காசோடு! "இன்னிக்கு உனக்குப் பிரச்சினை இல்லையே?" என்று கேட்டுவிட்டு மிஸ் ஓஸெல்லா இரண்டு துண்டு கூடுதலாகவே வைத்தார்.

வெற்றி நம்முடையது, லூசியஸ். எனக்குக் கூரைமேல் ஏறிக் கத்த வேண்டும் போலிருக்கிறது.

இனி ஒரே ஒரு விஷயம். டிசம்பருக்கும் தங்குகிறாயா என்று கேப்டன் கேட்பார். ஒவ்வொரு தடவை நீ ஃபோன் செய்யும்போதும், "வீட்டுக்கு வா" என்ற வார்த்தை என் நாக்கு நுனி வரைக்கும் வரும். சொன்னால் நீ வந்துவிடுவாய், வந்துவிட்டால் பால் நின்றுவிடும் என்று பயந்து, மழையைப் பற்றியும் காரைப் பற்றியும் பேசிவிட்டு வைத்துவிடுவேன். இனி பாலுக்கு நீ வேண்டாம். எனக்குத்தான் வேண்டும்.

ஆறு உன்னிடம் அன்பாக நடந்துகொள்ளட்டும். கடவுள் உன் கயிறுகளையும் உன் கால்களையும் வழுக்காமல் காக்கட்டும். கேப்டன் கேட்டால் இல்லை என்று சொல்லிவிடு.

உனக்காகக் காத்திருக்கும்,
வெர்னீடா