நான்காம் மாடியில் எல்லாரும் வெளியேறினார்களாம்

திங்கள், 9
விடியலிலிருந்து மழை. மெக்காலிஸ்டர் சாலையில் பஸ் நகரவே இல்லை. வேலை: இன்சூரன்ஸ் கோப்புகள் பன்னிரண்டு. ஹெச்.ஆருக்கு மூன்றாவது நினைவூட்டல். தீ மணி அடித்தால் மின்னும் விளக்கு, என் மேசைக்கு ஒன்று, பெண்கள் கழிப்பறைக்கு ஒன்று. மாற்றுத்திறனாளிக்கான ஓகேயூ அட்டை நகலும் மூன்றாம் முறை. காது சுத்தமாகக் கேட்காது, உதடு பார்த்துத்தான் பேச்சு என்று மறுபடியும் எழுதினேன்.

ஹெச்.ஆர். மேனேஜர் தியாகு லிஃப்டில். குழந்தையிடம் பேசுவதுபோல வாயை அகல அகலத் திறந்து, "பார்க்கலாம் லா, சுமதி. என்ன அவசரம்?"

செவ்வாய், 10
வெயில். பத்தரை மணி. கழிப்பறையிலிருந்து வந்தால் மாடியில் ஓர் ஆள்கூட இல்லை. யார் மேசையிலோ பாதி கடித்த கறிபாப். நாற்காலிகள் கோணல்மாணலாக. அரை நிமிடம் விளங்கவில்லை. தீ மணி அடித்திருக்க வேண்டும். புகை வாடை அடிக்கிறதா என்று மோந்துகொண்டே நான்கு மாடியும் ஓடி இறங்கினேன்.

கீழே கார் நிறுத்துமிடத்தில் சிரிப்பு, செல்ஃபி. தீப் பயிற்சியாம். பட்டியலில் என் பெயருக்கு நேரே டிக். எங்கள் மாடிக்குப் பொறுப்பு மாலா அக்கா.

"நீ முன்னாடியே எறங்கிட்டேன்னு நெனச்சேன், தங்கச்சி. டைம் பார்க்குறாங்க, சீக்கிரம் டிக் பண்ணுன்னு தியாகு சொன்னாரு."

ஆறே நிமிடத்தில் மாடி காலி என்று கைதட்டல் வேறு. சீ.

புதன், 11
தியாகுவின் அறை. மேசையில் அறிக்கை: 'நான்காம் மாடி, அனைவரும் வெளியேறினர்.' அதில் நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். முடியாது என்றேன்.

"ட்ரில்தானே லா. அடுத்த தடவ நீங்க வீட்லயே இருங்க. லீவுல கழிக்க மாட்டேன்."

சலுகை! சிரிப்பு வேறு.

"நெஜமா நெருப்புப் பிடிக்கிற அன்னிக்கும் லீவு குடுப்பீங்களா, சார்?"

என் குரல் எவ்வளவு உயர்ந்ததோ. கண்ணாடிக்கு வெளியே எல்லாத் தலையும் திரும்பியது.

வியாழன், 12
மேகமூட்டம். சரியான தூக்கமில்லை. காலையில் மாலா அக்கா பட்டியலோடு வந்தார். கண் வீங்கியிருந்தது. என் பெயருக்கு நேரே இருந்த டிக்கை என் எதிரிலேயே கோடு போட்டு அடித்தார். 'உள்ளேயே விட்டுவிடப்பட்டார்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டு, படம் எடுத்து, கோலாலம்பூர் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார்.

"மன்னிச்சிரு, சுமதி."

தலையை மட்டும் ஆட்டினேன். கசப்பு இன்னும் போகவில்லை.

மதியம் தியாகு என் மேசைமுன். கழுத்து நரம்பு புடைத்திருந்தது, கத்துகிறார் போலும். வாயைப் பார்க்கவில்லை. அடுத்த கோப்பைப் பிரித்தேன்.